சேடை ஓட்டும்போது டிராக்டர் ஹீட் ஆகாமல் இருக்க

நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக உழுவதுதான் சேடை. அந்தச் சேற்றில் ஹீட் முள் ஏறினால் நம் ஆட்கள் முதலில் செய்வது ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது. அரை மணி நேரம் ஓடும், முள் திரும்பவும் சிவப்புக்கு வந்து நிற்கும். தண்ணீர் குறைந்தாலும் ஹீட் ஆகும்தான். ஆனால் சேடையில் வரும் ஹீட்டுக்குப் பெரும்பாலும் ரேடியேட்டர் வழியாகக் காற்றுப் போகாததுதான் காரணம்.

ரோட்டில் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. வயலில் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் அது கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். இன்ஜினோ பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோடு மணிக்கணக்கில் முழு லோடில் ஓடுகிறது. போதாததற்குச் சேற்றுக்காக மாட்டும் இரும்புக் கேஜ் வீல் வாரி அடிக்கும் சேறு, மெஷின் அறுத்துவிட்டுப் போன வைக்கோல் தூசு, நெல் சுணை. காட்டுமன்னார்கோயில், குமராட்சி பக்கத்துக் களி ரேடியேட்டர் தகட்டில் பட்டுக் காய்ந்தால் சுவரில் பூசியது மாதிரி நிற்கும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். வண்டியை நிறுத்தி, பேனட்டைத் திறந்து, ஃபேன் பக்கமிருந்து செல்போன் டார்ச்சை ரேடியேட்டர் மேல் அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். சுத்தமான இடத்தில் வெளிச்சம் சல்லடையில் தெரிவதுபோல் புள்ளி புள்ளியாக வரும். இருட்டாக இருக்கும் இடம் அடைத்த இடம். கால் பாகம் இருட்டாக இருந்தாலே கழுவ வேண்டியதுதான். பல வண்டிகளில் பேட்டரி ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும்; அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் சுணை மெத்தை மாதிரி சேரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கையை விட்டு எடுக்க வேண்டும்.

கழுவுவதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. அழுக்கு முன்பக்கமிருந்து உள்ளே போனது. முன்பக்கமிருந்தே பைப்பை அடித்தால் இன்னும் ஆழமாகத்தான் போகும். இன்ஜின் ஆறிய பிறகு முதலில் நனைத்து, பத்து நிமிடம் ஊற விட்டு, ஃபேன் பக்கமிருந்து வெளியே வரும்படி சாதாரண ஓஸில் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும், மடங்கிய இடத்தில் காற்றே போகாது. டீசலோ ஆயிலோ கசிந்திருந்தால் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் போட்ட பிறகுதான் அது விடும். சேடை நடக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்தி, முன் கிரில்லையும் வலையையும் கையால் துடைத்துவிட்டால் போதும்.

ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும். ஃபேன், வாட்டர் பம்ப் இரண்டும் மெதுவாகும். ஃபேனைச் சுற்றியுள்ள கவரை ஏதோ வேலைக்காகக் கழற்றிவிட்டு மாட்டாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. கவர் இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதை விட்டுவிட்டுப் பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். சூடு ஏறிய பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவதும் வைத்தியமில்லை. இன்ஜின் சூடு ஏறாமலே ஓடித் தேய்மானமும் டீசல் செலவும்தான் கூடும்.

ஊற்றும் தண்ணீர் விஷயம். கிள்ளை, பரங்கிப்பேட்டை மாதிரிக் கடலோர ஊர்களில் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும், அதன்பின் வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். உள்ளே அழுத்தம் குறையாமல் இருந்தால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்.

லோடுக்கு வருவோம். 35 ஹெச்பி வண்டியில் 6 அடி ரோட்டவேட்டரைப் போட்டுவிட்டு ரேடியேட்டரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அதற்கு 4 அல்லது 5 அடிதான் சரி. ஆழம் நான்கு, ஐந்து அங்குலம் போதும். வயலில் இரண்டு அங்குலம் தண்ணீராவது நிற்க வேண்டும். அரைகுறை ஈரத்தில் களி பிளேடிலும் வீலிலும் அப்பிக்கொண்டு லோடை ஏற்றிவிடும். புகை கறுப்பாக வந்தால் லோடு அதிகம், அல்லது ஏர் கிளீனர் அடைப்பு. உடனே ஒரு கியர் இறக்குங்கள்.

வண்டி அச்சு வரை இறங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்து வீலைச் சுற்ற விடுவதுதான் இன்ஜினையும் கிளட்ச்சையும் கெடுக்கும். ரோட்டவேட்டரைத் தூக்கி, அதைச் சுற்ற வைக்கும் பிடிஓவை எடுத்துவிட்டு, பின் வீல் இரண்டும் சேர்ந்து சுற்றும்படி டிஃபரென்ஷியல் லாக் போட்டு, ரிவர்ஸில் மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். வீலில் கட்டையைக் கட்டி முன்பக்கமாக ஏற்ற வேண்டாம். வண்டி பின்னால் மல்லாந்து ஓட்டுபவரை அமுக்கிவிடும்.

முள் சிவப்பைத் தொட்டால் ரோட்டவேட்டரைத் தூக்கி, பிடிஓவை எடுத்து, நியூட்ரலில் நான்கைந்து நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். ஃபேன் சுற்றச் சுற்ற முள் இறங்கும். ஆவி பறந்தாலோ, பெல்ட் அறுந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ உடனே ஆஃப். அரை மணி நேரமாவது ஆற வேண்டும். பிறகு ஈரச் சாக்கை மூடிமேல் போட்டுக் கால் சுற்றுத் திருப்பி, சத்தம் அடங்கிய பிறகு எடுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இன்ஜின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடலாம். ஆறியும் ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம். மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள். ஆறியதும் சேறு காய்வதற்குள் அன்று சாயந்திரமே ரேடியேட்டரைக் கழுவிவிட்டால் மறுநாள் ஊற வைக்கிற வேலை மிச்சம்.