அடுப்பு என் பொறுப்பு, பழம் உங்கள் பொறுப்பு

மே மாதம் முழுக்க என் தம்பி பிள்ளைகள் மூன்று பேரும் திண்டுக்கல்லில் என்னோடுதான். பெரியவனுக்கு 11 வயது, நடுவுள்ளவளுக்கு 7, கடைக்குட்டிக்கு 4. முதல் வருஷம் "அத்தை, நாங்களும் சமைக்கிறோம்" என்று வந்து நின்றபோது, கேக் செய்யலாம் என்று இறங்கினேன். நான் செய்தேன், அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதோடு கேக்குக்குக் கும்பிடு. இப்போதெல்லாம் பழம்தான். கத்தியும் தீயும் இல்லாமல் வெறும் கையால் முடிகிற வேலை அதில்தான் நிறைய. மிக்சியை மட்டும் பரண்மேல் ஏற்றிவிடுவேன். அது கண்ணில் பட்டால் பத்து விநாடியில் எல்லாம் அரைந்துவிடும், அப்புறம் சாயங்காலம் வரை இவர்களை யார் சமாளிப்பது?

முதலில் பஞ்சாமிர்தம். பழனி எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்; அந்தப் பிரசாதத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே விருப்பாட்சி மலைப்பழம் என்கிற மலை வாழைப்பழம் போடுவார்கள். அதில் தண்ணீர்ச் சத்து குறைவு. செய்யும்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. அதனால்தான் அது நாள்கணக்கில் தாங்குகிறது. எனக்குக் கையில் கிடைப்பது சிறுமலைப் பழம். அதுவும் இல்லாவிட்டால் கற்பூரவள்ளி. பச்சைநாடான், மோரிஸ் எல்லாம் வேண்டாம், கொழகொழவென்று நீர்த்துப்போகும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழமாகப் பாருங்கள். அந்த நேரத்தில்தான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நல்ல இனிப்பு ஏறியிருக்கும்.

சின்ன மலைப்பழம் 8, நாட்டுச் சர்க்கரை அரை டம்ளர், பேரீச்சம்பழம் 6, கற்கண்டு 2 மேசைக்கரண்டி, உருக்கிய நெய் 2 தேக்கரண்டி, தேன் 2 தேக்கரண்டி, ஏலக்காய் 3. பாத்திரம் துளி ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். கையும் அப்படித்தான்: சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, என்னிடம் நீட்டிக் காட்ட வேண்டும். பழத்தை உரித்துப் பிசைவது கடைக்குட்டியின் வேலை. அவள் விரலுக்கு இடையில் பிதுங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கால் மணி நேரம் பிசைவாள். பேரீச்சம்பழத்தைக் கையாலேயே பிய்த்துக் கொட்டை எடுப்பது நடுவுள்ளவள். ஏலக்காயைத் தட்டுவது பெரியவன்.

இதில் வரிசை முக்கியம். கட்டி இல்லாமல் மசிந்த பிறகுதான் நாட்டுச் சர்க்கரை. முன்னாலேயே கொட்டினால் பழம் தண்ணீர் விட்டுவிடும், அப்புறம் கட்டி கைக்குச் சிக்காமல் வழுக்கும். பிறகு பேரீச்சை, ஏலம், தேன், நெய். கற்கண்டு எல்லாவற்றுக்கும் கடைசியில், பரிமாறப் போகும்போது. முதல் தடவை அதை முதலில் போட்டுவிட்டோம். ஒன்றுகூடப் பல்லில் கடிபடவில்லை என்று பெரியவன் கோபித்துக்கொண்டான். வீட்டுப் பஞ்சாமிர்தத்தை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு வயது ஆகாத கைக்குழந்தை வீட்டில் இருந்தால் நாக்கில்கூடத் தடவ வேண்டாம், தேன் அந்த வயதுக்கு ஆகாது.

அடுத்து மாம்பழக் குச்சி ஐஸ். நத்தம் பக்கமிருந்து செந்தூரம் வந்து இறங்கும் நாட்களில் செய்வது. பழத்தைக் கழுவி, தரையில் சுத்தமான துணி விரித்து, உள்ளங்கையால் மெதுவாக உருட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் உள்ளே கூழாகிவிடும். காம்பைக் கிள்ளி, முதலில் வரும் நாலு சொட்டைக் கீழே விட்டுவிட வேண்டும். அந்தப் பால் உதட்டில் பட்டால் எரிந்து புண்ணாகும். பிறகு பாத்திரத்துக்கு மேலே பிடித்துப் பிழிவதுதான். கொட்டையைச் சப்புகிற உரிமை யார் பிழிந்தார்களோ அவர்களுக்கு. இந்தச் சட்டத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

நாலு பழக் கூழுக்கு, காய்ச்சி ஆறவைத்த கெட்டிப் பால் அரை டம்ளர், சர்க்கரை 4 தேக்கரண்டி. ருசி பார்க்கும்போது கொஞ்சம் திகட்டுகிற மாதிரி இருந்தால்தான் சரி. உறைந்த பிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சின்ன எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். குச்சியை உடனே செருகினால் சாய்ந்து விழும். ஒன்றரை மணி நேரம் கழித்து, பாதி இறுகியதும் நடுவில் குத்துங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். மறுநாள் டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் அரை நிமிஷம் காட்டித் திருகினால் கழன்று வரும். ராத்திரி எத்தனை தடவை ஃபிரீசரைத் திறந்து பார்த்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கரண்ட் போகிற நாளுக்குக் கடற்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று கேளுங்கள். 10 கிராமை நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, முழுக்கக் கரையும்வரை காய்ச்சி, 6 தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து இறக்குவது என் வேலை. பழத்தைத் தட்டில் கோலம் மாதிரி அடுக்குவது அவர்கள் வேலை. மாதுளை, ஆரஞ்சுச் சுளை, நீளவாக்கில் நறுக்கிய திராட்சை. திராட்சையை முழுசாகப் போடாதீர்கள், கடைக்குட்டி வயசுக்குத் தொண்டையில் சிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நானே மேலே ஊற்றிவிடுவேன். ஃபிரிட்ஜே வேண்டாம், அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும்.

இதில் அன்னாசியும் போடலாம். ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் இறுகவே இறுகாது, அதிலுள்ள நொதி ஜெலட்டினை உடைத்துவிடும். கடற்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அன்னாசியைப் பாலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். போன வருஷம் ஃபுரூட் சாலட் என்று கஸ்டர்டில் அள்ளிப் போட்டு வைத்தோம். ஒரு மணி நேரத்தில் கசப்பு, ஒரு கிண்ணமும் காலியாகவில்லை. பால் சேர்வதாக இருந்தால் அன்னாசியைச் சர்க்கரையோடு ஐந்து நிமிஷம் வேகவைத்து ஆறவிட்டுச் சேருங்கள்.

நுங்குக்குச் செய்முறை என்று தனியாக என்ன சொல்ல? தோலைச் சுரண்டி, விரலால் நசுக்கி, நன்னாரி சர்பத்தில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. அன்றைக்குப் பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஈரத்துணியோடு தரையைத் துடைப்பது பெரியவன். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்க்கச் சொல்வேன்; எறும்பு அங்கேதான் முதலில் வரும்.