பனிமலைக் கட்டடத்தில் சூரிய மின்சாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்கம்பி எட்டாத மலைக் கட்டடங்களில் சூரிய மின்சாரம் அமைப்போர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் தொடங்குகின்றன. கோடையில் மிஞ்சும் மின்சாரத்தைக் குளிர்காலம் வரை பேட்டரியில் சேர்த்துவைக்க இயலாது. ஆகவே, பகல் மிகக் குறுகிய மாதத்தில் எவ்வளவு வெயில் கிடைக்கிறது, தாழ்ந்து செல்லும் சூரியனை எதிர்முகடு எவ்வளவு நேரம் மறைக்கிறது என்று பார்த்தே பேனல்களின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

பேனல்களைக் கூரையோடு படுக்கவைப்பதும் தவறு. 60 முதல் 70 டிகிரி வரை நிமிர்த்தி வைத்தால் பனி பெரும்பாலும் தானாகவே வழுக்கிவிடும். தரைப்பனி எதிரொளிக்கும் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் விழும் பனி குவிவதற்குக் கீழே போதிய உயரம் விடாவிட்டால், அந்தக் குவியலே பேனலின் அடிப்பகுதியை மூடிவிடும். ஒட்டியிருக்கும் பனியை இரும்பு மண்வெட்டியால் சுரண்டுவது கண்ணாடிக்குக் கேடு.

குளிரில் பேனலின் மின்னழுத்தம் உயரும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 25 டிகிரி வெப்பநிலையில் 45 வோல்ட் திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்சாரம் எடுக்கப்படாதபோது இருக்கும் அழுத்தம்) காட்டும் மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 135 வோல்ட் வரும். பேனலிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தை முறைப்படுத்தும், 150 வோல்ட் தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலருக்கு அது பாதுகாப்பானதாகவே தோன்றும். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் சுமார் 0.3 விழுக்காடு கூடுமாதலால், மைனஸ் 25 டிகிரி விடியலில் முதல் வெளிச்சம் பட்டதுமே அது 155 வோல்ட்டைத் தொட்டுக் கன்ட்ரோலரைப் பழுதாக்கிவிடக்கூடும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி உறைநிலைக்குக் கீழும் மின்சாரம் கொடுக்கும். விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் வசதி இல்லாத மலிவு பேட்டரியை இத்தகைய இடத்துக்கு வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஈய அமில பேட்டரியோ, முழுச் சார்ஜில் மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். தீர்ந்த நிலையில் விட்டுவிட்டால் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து வெடிப்பு விடலாம். எந்த வகையானாலும் வெப்பக்காப்பிட்ட உள்ளறையில் வைப்பதே நல்லது. ஈய அமில வகைக்கு, ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டமும் வேண்டும்.

அறையைச் சூடாக்கும் மின் ஹீட்டரை இந்த அமைப்பில் இணைக்கவே வேண்டாம். பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே இழுக்கும் மின்சாரத்தையும் பாருங்கள்: 25 வாட் என்றால் நாளொன்றுக்கு 600 வாட்-மணி. மேகம் மூடிய குளிர்கால நாளில் பேனல்கள் தரும் மொத்தமும் அதற்கே போய்விடலாம்.