பாட்டில் ராக்கெட்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ராக்கெட் பழக வருகிறவர்களை முதலில் தண்ணீர் ராக்கெட்டில்தான் இறக்குவேன். தீ இல்லை, வெடிமருந்து இல்லை. சோடா பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பு. பம்பு ஏற்றிய காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்சித் தள்ள, பாட்டில் மேலே போகும். அதனாலேயே இதைப் பொம்மை என்று நினைத்துவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் ஞாயிறு காலை மைதானத்துக்கு வரும் ஒவ்வொரு புதுக் கூட்டமும் அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறது. கண்ணாடி அணியுங்கள் என்பது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை.

குளூ கன்னால் இறக்கை ஒட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான். பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் 75 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும். குளூ கன்னில் உருகி வரும் பசையோ 120 டிகிரிக்குக் குறையாமல் வருகிறது. பசை பட்ட இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சுவர் சுருங்கி அலையலையாக இருக்கும். கிழிவது அங்கேதான்.

கொருக்குப்பேட்டை மாணவர் ஒருவர், “நன்றாகப் பிடித்திருக்கிறது அண்ணா” என்று இறக்கையை இழுத்துக் காட்டினார். பிடித்துத்தான் இருந்தது. 4 பார் அழுத்தத்தில் பாட்டில் வெடித்தபோது, இறக்கையோடு ஒரு கீற்று பிளாஸ்டிக்கும் சேர்ந்தே பறந்தது. பம்புக் குழாய் நீளமாக இருந்ததால் யாருக்கும் காயமில்லை.

இன்னொரு பாட்டிலின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி, இறக்கைகளை அதில் ஒட்டி, பசை ஆறிய பின் ராக்கெட் மேல் செருகி டேப் சுற்றுங்கள். பிறகு பாட்டிலில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஏவும் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது என்பதால், பாட்டில் பிளந்தாலும் தரை நனையும், அவ்வளவே. அமுங்கிய காற்று அப்படி விடாது.

கிளம்பாத ராக்கெட்டை நெருங்குவது

பம்புப் பக்கமே காற்றைத் திறந்துவிட வழி வைத்து, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகே போங்கள். பாட்டில் வாயை மூடும் அடைப்பானில் சைக்கிள் டியூப் வால்வைச் செருகியவர்களுக்கு இது உதவாது. அது காற்றைத் திரும்ப விடாது. அவர்கள் ஏவும் கயிற்றைத் தொலைவிலிருந்தே மீண்டும் இழுக்க வேண்டியதுதான்.

தண்ணீரோடு சமநிலை பார்ப்பது

தண்ணீர் ஒரு நொடிக்குள் வெளியேறிவிடும். மீதிப் பயணம் முழுவதும் பறப்பது காலி பாட்டில். அதைச் சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னே போக வேண்டும். போகாவிட்டால் மூக்கில் களிமண் சேருங்கள்.

பிற்பகலில் ஏவுவது

கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று எழும்பிவிடும். திருவொற்றியூரில் விரிந்த பாராசூட் மேற்கே போகும். மின்கம்பியில் மாட்டினால் அது மின்வாரியத்தின் சொத்து. கம்போடு போகாதீர்கள்.

பட்டாசைப் பிரித்து ராக்கெட் மோட்டார் செய்வது

உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். என்னிடம் கேட்டு வராதீர்கள்.