மாற்றியமைத்த மென்பொருளைக் கொடுப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கோ நூலகத்துக்கோ மென்பொருள் கொண்டுபோகிறவர்கள் அதை வந்தது வந்தபடியே கொடுப்பதில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியின் முகப்புப் பக்கத்தை மாற்றி, லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பில் தமிழ் எழுத்துருவை முன்னிருப்பாக்கி, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துப் பென்டிரைவில் போட்டுத் தருகிறோம். தேவையான வேலைதான். ஆனால் இதில் நேரும் பல தவறுகளுக்கு வேர் ஒன்றே: மூல மென்பொருளுக்குள்ளேயே கை வைத்துவிடுகிறோம்.

ஃபயர்பாக்ஸின் உள்கோப்புகளைத் திருத்தினால் அன்றைக்கு வேலை நடக்கும். அடுத்த புதுப்பிப்பில் நம் மாற்றம் காணாமல் போகும். அதற்குப் பயந்து புதுப்பிப்பையே நிறுத்திவைப்பவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டைகளோடு ஓர் உலாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். இந்தத் தேவைக்கென்றே ஃபயர்பாக்ஸ் ‘பாலிசீஸ்.ஜேசன்’ (policies.json) என்ற தனிக் கோப்பைப் படித்துக்கொள்கிறது. முகப்புப் பக்கம், நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), தடுக்க வேண்டிய தளங்கள் எல்லாவற்றையும் அதில் எழுதிவிடலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஒரே கோப்பு போதும், வைக்கும் இடம்தான் வேறு. லிப்ரே ஆபிஸ் அமைப்புகளை ஒரு நீட்சியாகவே கட்டலாம். விண்டோஸின் எம்எஸ்ஐ வகை நிறுவிக்கு, அதைத் திருத்தாமலே நம் மாற்றங்களைச் சொல்லும் எம்எஸ்டி கோப்பு இருக்கிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் என்றால், மூல மென்பொருளின் பொதியைச் சார்ந்து நம் அமைப்புகளை மட்டும் கொண்ட சின்ன டெப் பொதி (அவற்றின் நிறுவல் கோப்பு) ஒன்று செய்தால் போதும்.

மூலத்தைத் திருத்தினால் பெயரும் சிக்கலாகும். டெபியன் தான் திருத்திய ஃபயர்பாக்ஸை அந்தப் பெயரில் தர முடியாமல் 2006 முதல் 2016 வரை ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில் கொடுத்தது வணிகக்குறி விதியால்தான். எழுத்துருவிலும் கவனம் வேண்டும். விண்டோஸின் லதா எழுத்துரு கையில் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்து லினக்ஸ் பொதியில் சேர்க்கக் கூடாது. திறந்த உரிமம் கொண்ட நோட்டோ சான்ஸ் தமிழைத் தாராளமாகச் சேர்க்கலாம், உரிமக் கோப்பையும் கூடவே வைத்தால்.

அடுத்தது, எதில் போட்டுக் கொடுக்கிறோம் என்பது. ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவ் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் ஏற்கும். லினக்ஸ் நிறுவல் வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பாக நகலெடுத்தால் பூட் ஆகாது, ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலுமே, ஒரு கோப்பை நிரலாக இயக்கலாம் என்று லினக்ஸ் குறித்துவைக்கும் அனுமதிகள் தங்குவதில்லை. ஸ்கிரிப்டுகளை, அனுமதிகளையும் சேர்த்துக் காக்கும் டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். குறுந்தட்டுக் காலப் பழக்கத்தில் செருகியதும் தானே இயங்கும் ஆட்டோரனை நம்பவும் வேண்டாம். விண்டோஸ் 7 முதல் பென்டிரைவில் அது இயங்காது.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் விநியோகப் பொதிக்குள் வேண்டாம் என்பேன். ‘கோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ்+ அதைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வரும்போது, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) பட்டியலில் ‘கோப்பு’ என்று இருக்கும், கோப்புறையிலும் ‘கோப்பு’ என்று இருக்கும். ஆனால் கணினி ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று சொல்லும். பெயரை ஆங்கில எழுத்தில், அதுவும் சிற்றெழுத்தில் மட்டும் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆய்வகத்தில் ஒரு கணினியைத் தயார் செய்து, அதன் வட்டை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் அப்படி எடுத்த நகலுக்குள், உலாவியில் சேமித்திருந்த என் சொந்தக் கடவுச்சொற்களும் போய்விட்டன. எல்லாவற்றையும் அழித்து மறுபடி செய்தேன். அதோடு லினக்ஸ் ஒவ்வொரு கணினிக்கும் தரும் அடையாள எண்ணான மெஷின்-ஐடியும், தொலைவிலிருந்து நுழையும்போது கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவிகளும் எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே இருக்கும். சாவி ஒன்றானால் ஒரு கணினி இன்னொன்றாக வேடம் போட முடியும். நகலெடுக்கும் முன் இவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கணினியும் தனக்கானதைப் புதிதாக உருவாக்கும்படி செய்யுங்கள். விண்டோஸில் இதற்குச் சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது.

நம்பகத்துக்கு வருவோம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். எஸ்எச்ஏ-256 செக்சத்தைப் பொதி இருக்கும் அதே இடத்தில் மட்டும் வைத்தால், பொதியை மாற்றுகிறவர் செக்சத்தையும் மாற்றிவிடுவார். பொதிக்கு ஜிபிஜி கருவியால் மின்கையொப்பம் இடுங்கள், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை வேறு வழியில் முன்கூட்டியே கொடுங்கள். கையொப்பமில்லாத நிறுவியை விண்டோஸும் மேக்கும் எச்சரிக்கும். ‘எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்’ என்று வழிகாட்டியில் எழுதுவது எனக்கு ஒப்பாது. நாளை உண்மையான வைரஸ் வரும்போதும் அவர்கள் அதையேதான் செய்வார்கள்.

ஆண்ட்ராய்டில் செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயை நேரடியாகக் கொடுப்பவர்களுக்குக் கையொப்பச் சாவிதான் உயிர். அது தொலைந்தால் அடுத்த பதிப்பைப் பழையதன் மேல் நிறுவ முடியாது. பயனர் பழைய செயலியை நீக்க வேண்டும், நீக்கினால் அதில் சேமித்து வைத்திருந்தவையும் போகும். அதனால் சாவிக்கு இரண்டு நகல் எடுத்து, கடவுச்சொல்லால் பூட்டி, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். வேலை செய்யும் மடிக்கணினி அந்த இரண்டு இடங்களில் ஒன்றாக இருக்கக் கூடாது.