கைக்குட்டை செருகிய கிட்டார்

கிட்டாரில் விரல் மீட்டலைப் பழகும்போது, மடித்த பருத்திக் கைக்குட்டை ஒன்றைப் பிரிட்ஜை (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டையை) ஒட்டித் தந்திகளுக்கு அடியில் செருகி, இடக்கைக்கு ஓய்வு கொடுத்து, வலக்கையை மட்டும் பழக்குங்கள். கட்டைவிரல் தடித்த 6, 5, 4 ஆம் தந்திகளையும், ஆள்காட்டி விரல் 3 ஆம் தந்தியையும், நடுவிரல் 2 ஆம் தந்தியையும், மோதிரவிரல் 1 ஆம் தந்தியையும் மீட்டட்டும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, தட்டுக்கு இரண்டு மீட்டல் என்று தொடங்கினால் போதும்.

துணி அதிர்வை உறிஞ்சிக்கொள்வதால் ஒவ்வொரு ஒலியும் 'டொக்' என்று உடனே அடங்கிவிடுகிறது. வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படியும் கார்வை (ஒலியின் நீட்சி), தாளத் தடுமாற்றத்தையும், பலருக்கும் வலுக்குறைந்தே இருக்கும் மோதிரவிரலின் தயக்கத்தையும் மூடிவிடும். இங்கே அவை அப்பட்டமாகக் காதில் விழும். இரவில் பழகினாலும் பக்கத்து அறையில் உறங்குபவர் திட்டமாட்டார் என்பது கூடுதல் லாபம்.

நாதத்தின் இனிமை, நகம் தந்தியில் படும் கோணம், சுரங்களை நீள ஒலிக்கவிடுதல் ஆகியவற்றைப் பழக இம்முறை உதவாது. அதற்குத் துணியை எடுத்துவிடத்தான் வேண்டும். தந்திகளை மேலே தள்ளும் அளவுக்குத் தடித்த துணியையும் தவிர்த்துவிடுங்கள்.