மஞ்சள் பூத்த பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள்

என் சின்னவள் பிறந்த மூன்றாம் நாள், அம்மா அவளை ஜன்னலோரம் தூக்கிப்போய்ப் பார்த்துவிட்டு, "பிள்ளை மஞ்சளா இருக்காளே" என்றாள். டியூப் லைட்டில் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் மூக்கையோ நெற்றியையோ விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள், தெரியும். இந்த மஞ்சள் காமாலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

உடம்பை மஞ்சளாக்குவது ரத்தத்தில் இருக்கும் பிலிரூபின் என்ற நிறமி. அது பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும். பால் குறைந்தால் மலமும் குறையும், மஞ்சள் ஏறும். ஏறினால் பிள்ளை குடிக்காமல் தூங்கும். 'சமர்த்து, அழவே இல்லை' என்று நான் ஐந்து மணி நேரம் தூங்கவிட்டது பெரிய தப்பு.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும், எழுப்பியாவது. சுற்றிய துணியை அவிழ்த்து, உள்ளங்காலைத் தேய்ப்பேன். நாலு மடக்கு குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவாள். அப்போது மார்பை மெல்ல அமுக்கினால் பால் இறங்கும், அவளும் விழுங்குவாள். வாய் அசைந்தால் மட்டும் போதாது, விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். அதுவும் நடக்காதபோது பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினேன். ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவையாவது சிறுநீர் போனால், பால் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

அத்தை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அப்புறம் கழுதைப்பால். இரண்டும் வேண்டாம். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும், கழுதைப்பாலில் கிருமி தொற்றலாம். வெயிலில் காட்டுவதும் சிகிச்சை ஆகாது. ஆஸ்பத்திரி நீல விளக்கில் ஒளிக்கு அளவு உண்டு, வெயிலுக்கு ஏது? இவளைக் கண்ணைக் கட்டி ஒன்றரை நாள் அந்த விளக்கின்கீழ் வைத்தார்கள். பால் நேரத்துக்கு மட்டும் என் கைக்கு வருவாள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எழுப்பியும் குடிக்காவிட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கீச்சென்று அழுது உடம்பை வில்லாக வளைத்தாலோ உடனே ஓடுங்கள், ராத்திரி என்று பார்க்க வேண்டாம். உங்கள் ரத்தம் ஓ வகையோ நெகட்டிவோ என்றால் அதை முன்பே சொல்லி வையுங்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ அது கல்லீரல் சங்கதியாக இருக்கலாம். நாள் கடத்தக் கூடாது.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் ரத்தம் பார்க்க வேண்டும். இவளுக்கும் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. தாய்ப்பால் குடிக்கிற சில பிள்ளைகளுக்கு இப்படி இழுக்குமாம், பாலை நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். ஏழாவது வாரம்வரை அம்மா தினமும் அவளை ஜன்னலோரம் தூக்கிப்போய்க்கொண்டுதான் இருந்தாள்.