கண்ணாடி டம்ளர்ல பேர் போடலாம் வாங்க: வினைல் ஸ்டிக்கர் வெச்சு எட்சிங், முதல் தடவை செய்றவங்களுக்கு

பால்காய்ப்புக்கு என்ன குடுக்கலாம்னு யோசிக்கிறவங்க நிறைய பேர் இப்ப பேர் போட்ட கண்ணாடி டம்ளர் தேடுறாங்க. மேல பிரிண்ட் அடிச்சுக் குடுக்குறதெல்லாம் கழுவக் கழுவ உரிஞ்சு வந்திரும். எட்சிங் அப்படி இல்ல, கண்ணாடியோட மேல்தோலையே லேசா அரிச்சு மங்கலான வெள்ளையாக்கிடும், நார் போட்டுத் தேச்சாலும் போகாது. பெரிய மெசின் எதுவும் வேண்டாம், வீட்லயே செய்யலாம். பேர் வடிவத்துல ஓட்டை வெட்டின வினைல் ஸ்டிக்கரை (மெல்லிசான பிளாஸ்டிக் ஒட்டுத்தாள்) டம்ளர்ல ஒட்டி, அந்த ஓட்டை வழியா எட்சிங் கிரீம் அப்பினா எழுத்து மட்டும் வெள்ளையாகும். நான் இருக்குறது செங்கோட்டை, அதனால நம்ம ஊர் சாரல்ல என்னென்ன மாத்திக்கணும்னும் கூடவே சொல்லிடுதேன்.

கிரீம் போடுற வேலை மொத்தமே அஞ்சு நிமிசம்தான். டம்ளர் அழகா வருமா அசிங்கமா வருமான்னு முடிவாகுறது அதுக்கு முன்னாடி, ஸ்டிக்கரை எப்படி ஒட்டுறீங்கங்குறதுல. எல்லாரும் கிரீமைப் பத்தியே கேக்குறாங்க, ஸ்டிக்கர் விளிம்பைப் பத்தி யாரும் கேக்குறதில்ல.

கிரீம்ல என்ன இருக்கு

கண்ணாடியில பெரும்பங்கு மணல்தான், அதாவது சிலிக்கா. சாதாரண ஆசிட் எதுவும் அதைத் தொடாது, ஃப்ளூரைடு சேந்தது மட்டும்தான் அரிக்கும். 1771ல ஷீலேங்குற வேதியியல்காரர் இந்த ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டைப் பத்தி எழுதினப்பவே அவர் வெச்சிருந்த கண்ணாடிப் பாத்திரத்தை அது அரிச்சிருச்சு. கடையில விக்கிற எட்சிங் கிரீம்ல இருக்குறது அமோனியம் பைஃப்ளூரைடு மாதிரி உப்பு, அதே குடும்பம், வீரியம் கம்மி. யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க, எதுக்கு இவ்ளோ செலவு, பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்துன்னு. ஊத்திப் பாத்தா ஒண்ணும் ஆகாது, புகை மட்டும்தான் மிச்சம். பேட்டரி ஆசிட்டும் அப்படித்தான். அதே சமயம் நேரடி ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் வாங்கித் தரேன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அது வீட்ல வெச்சுக்குற சாமான் இல்ல.

வீரியம் கம்மின்னு சொன்னேனே தவிர கிரீமும் விளையாட்டுச் சாமான் இல்ல. இது தோல்ல பட்டா உடனே எரியாது, அதான் ஆபத்தே, வலி சில மணி நேரம் கழிச்சுக்கூட வரலாம், அதுக்குள்ள ஃப்ளூரைடு உள்ள இறங்கி உடம்புல உள்ள கால்சியத்தைப் பிடிச்சிருக்கும். அதனால நைட்ரைல் கையுறை, கண்ணை மூடுற கண்ணாடி, முழுக்கை சட்டை, ஜன்னல் திறந்த இடம், இதுல எதையும் விட்றாதீங்க. பட்டுட்டா ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிசமாவது விடாம கழுவிட்டு, வலி இருக்கோ இல்லையோ பாட்டிலைக் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஃப்ளூரைடுன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, இதுக்குன்னு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கு. பிள்ளைங்க இருக்குற வீட்ல அவங்க ஸ்கூல் போனப்புறம் எடுங்க.

எந்தக் கண்ணாடி

முதல் தடவைக்கு நேரா நிக்கிற, வழவழன்னு இருக்குற சாதா டம்ளர். டீக்கடை கிளாஸ் பாக்க ஆசையா இருக்கும், ஆனா அதுல வரி வரியா மேடு பள்ளம் இருக்குறதால ஸ்டிக்கர் முழுசா ஒட்டாது, இடுக்குல கிரீம் புகுந்திரும். கீழ ஒடுங்கி மேல விரிஞ்ச டம்ளர்ல பெரிய ஸ்டிக்கர் ஒட்டினா ஓரம் சுருங்கும், அதுல சின்ன டிசைன் போட்டாச் சரி. ஓவன்ல வைக்கிற, சூடு தாங்குற போரோசிலிகேட் கண்ணாடியில கிரீம் சரியாப் பிடிக்காது. கண்ணாடி மாதிரியே இருக்குற அக்ரிலிக், பிளாஸ்டிக்ல சுத்தமா வேலைக்கே ஆகாது, சுண்டிப் பாத்து சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிரலாம்.

பழகுறதுக்கு போட்டோ ஃப்ரேம் போடுற கடையில வெட்டிப்போட்ட துண்டுக் கண்ணாடி கேளுங்க, சும்மாவே குடுப்பாங்க. ஓரத்தை ஈரம் பண்ணின எமரி பேப்பர்ல தேச்சுட்டுத் தொடுங்க.

ரேடியம் கடையில எப்படிக் கேக்கணும்

வினைல் வெட்டுற மெசின் நம்மகிட்ட இருக்கணும்னு அவசியமே இல்ல. பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டிக் குடுக்குற ரேடியம் கடை தென்காசியிலயும் இருக்கு, அந்தப் பக்கம் புனலூர்லயும் இருக்கு. அங்க கேக்கும்போது ரெண்டு விசயம் தெளிவாச் சொல்லணும்.

ஒண்ணு, பளபளன்னு வெளிச்சம் அடிக்கிற ரிஃப்லெக்டிவ் ஷீட் வேண்டாம், அது கனம், டம்ளர் வளைவுக்கு மடங்காது, சாதா வினைல் போதும். ரெண்டாவதுதான் முக்கியம். வண்டிக்கு வெட்டும்போது எழுத்தை விட்டுட்டு சுத்தி உள்ளதை உரிச்சிருவாங்க, நமக்கு அதுக்கு நேர் எதிரா வேணும். "அண்ணாச்சி, எழுத்தை உரிச்சு எடுத்துட்டு சுத்தி உள்ளதை அப்படியே விடுங்க, ஓட்டை வழியா மருந்து போடணும்"னு சொன்னா டக்குன்னு புரிஞ்சுக்குவாங்க. நாலு பக்கமும் ஒரு இஞ்ச் கூடுதலா விடச் சொல்லுங்க, கிரீம் வழிஞ்சா தாங்குறதுக்கு.

மெசினே வேண்டாம்னா ஷீட் மட்டும் வாங்கி, டிசைனை மேல வரைஞ்சு, பேனாக் கத்தியால கையிலயே வெட்டலாம். பிளேடு புதுசா இருக்கணும், மழுங்கினா விளிம்பு பிசிறு தட்டும், அந்தப் பிசிறு அப்படியே கண்ணாடியில விழும்.

எழுத்து விசயத்துல ஒரு சிக்கல் இருக்கு. ட, ப, ர எல்லாம் சுலபம், கோடு மட்டும்தான். வ, ல, ண, ன இதுக்கெல்லாம் உள்ள ஒரு மூடின வளையம் இருக்கு பாருங்க, எழுத்தை உரிச்சதும் அந்த வளையத்துக்குள்ள உள்ள குட்டித் துண்டு தனியா நிக்கும். அது எடம் மாறாம கண்ணாடிக்கு வரணும், இல்லன்னா வளையம் முழுசா வெள்ளையாயிடும். புள்ளி இன்னொரு தலைவலி, ரொம்பச் சின்னதா இருந்தா ஓட்டைக்குள்ள கிரீம் இறங்காது, ரெண்டு மில்லிமீட்டருக்குக் குறையாம வைங்க, கோட்டுக்கும் அதே கணக்கு. புனலூர்ல இருந்து ஒரு சேச்சி மலையாளத்துல பேர் கேட்டாங்க, அதுல திரும்புன பக்கமெல்லாம் வளையம்தான், சாமணம் இல்லாம நடக்காது. முதல் டிசைனுக்கு எழுத்தே வேண்டாம்னுதான் நான் சொல்வேன். இலை, மீன், இல்ல கழுதுருட்டி பக்கத்துல உள்ள பதிமூணு கண்ணறைப் பாலம் (பதிமூணு வளைவு உள்ள ரயில் பாலம்) போடுங்க, வளைவெல்லாம் கீழ திறந்திருக்குறதால தனித்துண்டு தொல்லையே கிடையாது. சிக்குக் கோலம் அழகா இருக்கும்தான், ஆனா ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ஒரு வளையம், அதைப் பிறகு பாத்துக்கலாம்.

கழுவுறதும் காயவைக்கிறதும்

டம்ளரை சோப்புப் போட்டுக் கழுவி, காஞ்சதும் மெடிக்கல்ல கிடைக்கிற எண்ணெய் கலக்காத ஸ்பிரிட்டை (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) பஞ்சுல தொட்டுத் துடைங்க. சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் கலந்திருக்கும், வழவழப்பு நின்னுரும். அதுக்கப்புறம் டிசைன் வர்ற எடத்துல விரல் வைக்கவே கூடாது, விரல் எண்ணெய் பட்ட எடத்துல கிரீம் பிடிக்காம திட்டு விழும், கைரேகை அப்படியே தெரியும்.

ஆனி, ஆடி சாரல்ல இந்த எடத்துலதான் மாட்டிக்குவோம். காஞ்ச மாதிரி தெரியும், ஆனா காத்துல உள்ள ஈரம் கண்ணாடி மேல மெல்லிசாப் படிஞ்சிருக்கும், ஸ்டிக்கர் பிடிச்ச மாதிரி நடிச்சுட்டு ஓரத்துல எந்திரிச்சிரும். ஹேர் டிரையரை டம்ளருக்கு உள்பக்கமாக் காட்டி கை பொறுக்குற சூடு வந்ததும் ஒட்டுங்க. டிரையர் இல்லன்னா வெயில் அடிக்கிற நாள் வரைக்கும் பொறுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

ஒட்டுறது

இதுல நேரம் எடுத்துக்கோங்க. ஸ்டிக்கர் மேல மாஸ்கிங் டேப்பைப் பட்டை பட்டையா, ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறுற மாதிரி ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால அழுத்தித் தேய்ங்க. இப்ப கவுத்துப் போட்டு அடிப்பேப்பரை உரிங்க, பேப்பரைத்தான் மடக்கி இழுக்கணும், ஸ்டிக்கரைத் தூக்கக் கூடாது. குட்டித் துண்டு ஏதாவது பேப்பரோட போச்சுன்னா திரும்பப் படுக்க வெச்சு இன்னொரு தடவை தேய்ங்க.

டம்ளர்ல ஒட்டும்போது நடுவுல முதல்ல தொட்டு, அங்க இருந்து ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டே போங்க. வாய் வைக்கிற விளிம்புல இருந்து ஒரு இஞ்ச் கீழயே இருக்கட்டும், உள்பக்கம் எக்காரணம் கொண்டும் எட்சிங் வேண்டாம், சாப்பிடுற பொருள் படுற எடம் அது. குமிழி வந்தா ஊசியால குத்தி அமுக்குங்க. பிறகு மாஸ்கிங் டேப்பை ரொம்பச் சாய்வா, மெதுவா உரிங்க.

உரிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு கிரீம் பாட்டிலை எடுக்காதீங்க. ஒவ்வொரு எழுத்தோட உள்விளிம்பையும் நகத்தால, மெல்லிசா ஒரு துணி சுத்தி, ஒரு சுத்து அழுத்திக்கிட்டே வாங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஒட்டாத எடம் வெள்ளிக்கோடு மாதிரி மின்னும், அது மறையிற வரைக்கும் அழுத்தணும். இந்த ஒரு சுத்துதான் கடை வேலைக்கும் கத்துக்குட்டி வேலைக்கும் உள்ள வித்தியாசம். கடைசியா ஸ்டிக்கரோட வெளி ஓரத்தைச் சுத்தி டேப் போட்டு மூடிருங்க, ஓட்டைக்குள்ள விரல் பட்டிருந்தா பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு இன்னொரு தடவை துடைச்சு காயவிடுங்க.

கிரீம் போடுறது

கையுறை மாட்டியாச்சா? குளிர் நாள்ல பாட்டிலுக்குள்ள கிரீம் கட்டி தட்டியிருக்கும், மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள பாட்டிலை கொஞ்ச நேரம் வைங்க, பிறகு பிளாஸ்டிக் குச்சியால கலக்குங்க. லேசா நறநறன்னு இருக்குறது இயல்புதான். உலோகக் கரண்டி வேண்டாம், கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தவே வேண்டாம், ஏன்னு சொல்லத் தேவையில்லன்னு நினைக்கேன்.

பெயிண்ட் அடிக்கிற மாதிரி மெல்லிசா இழுக்காதீங்க, இழுத்தா பிரஷ் கோடு தெரியும். ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துக்கு தட்டித் தட்டி அப்புங்க. நேரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும், ஒரு நிமிசம்னு போட்டதும் உண்டு, அதைவிட நிறையப் போட்டதும் உண்டு, பாட்டில்ல என்ன சொல்லியிருக்கோ அதுதான். நான் வெச்சிருக்குறதுக்கு அஞ்சு நிமிசம் விடுறேன், நடுவுல ஒரு தடவை கிரீமை அங்கனயே லேசாக் கிளறி விடுவேன், காத்துக் குமிழி நின்ன எடம் திட்டு விழாம இருக்கும். ரொம்ப நேரம் விட்டா ஆழமா வெட்டும்னு நினைக்காதீங்க, இது மேல்தோலை மட்டும்தான் மங்கலாக்கும், கூட நேரம் விட்டா ஸ்டிக்கருக்கு அடியில கசியுறதுதான் நடக்கும்.

நேரம் ஆனதும் பிளாஸ்டிக் அட்டையால வழிச்சு திரும்பப் பாட்டில்லயே போடலாம், மறுபடி வேலை செய்யும். மிச்சத்தைக் கழுவ வாஷ்பேசின் பக்கம் போகாதீங்க, பீங்கான் பளபளப்பையும் இது அரிச்சிரும். வெளியில பிளாஸ்டிக் வாளியில தண்ணி வெச்சு, ஸ்டிக்கரை உரிக்காமலே முக்கிக் கழுவுங்க, நல்லாக் கழுவின பிறகுதான் ஸ்டிக்கரை எடுக்கணும். அந்த வாளித் தண்ணியில நீத்த சுண்ணாம்பு ஒரு கைப்பிடி போட்டு ராத்திரி முழுக்க விட்டா ஃப்ளூரைடு சுண்ணாம்போட சேந்து கரையாத மண்டியா அடியில தங்கிரும். லேசா அமோனியா வாடை வரும், அதனால திறந்தவெளியில வைங்க. கிணத்துப் பக்கமோ மாடு தண்ணி குடிக்கிற எடத்துலயோ ஊத்தாதீங்க.

இப்ப ஒரு பயம் வரும். கழுவி எடுத்த டம்ளர்ல ஒண்ணுமே தெரியாது, ஈரமா இருக்கும்போது எட்சிங் கண்ணுக்குப் படாது. துடைச்சுக் காயவிடுங்க, மெல்ல வெள்ளையா எந்திரிச்சு வரும். அதனாலதான் ஸ்டிக்கரை உரிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டை வழியா ஒரு தடவை துடைச்சுப் பாத்துக்கணும், திட்டா இருந்தா அப்பவே மறுபடி கிரீம் அப்பலாம், உரிச்சப்புறம் அதே எடத்துல ஒட்டுறது நடக்காத காரியம்.

முகம் பாக்குற கண்ணாடியிலயும் முன்பக்கமா இதே மாதிரி போடலாம், ஆனா ரசம் பூசின பின்பக்கம் கிரீமோ தண்ணியோ போகாமப் பாத்துக்கோங்க. சாதாக் கண்ணாடிக்குப் பின்னால இருந்து போடுறதா இருந்தா எழுத்தைத் திருப்பி வெட்டச் சொல்லணும்.

ஜன்னல், வெண்டிலேட்டர் முழுக்க வெள்ளையாக்கணும்னு கிரீம் வாங்காதீங்க, பெரிய பரப்புல இது ஒரே சீரா வராது, மேகம் மேகமா நிக்கும். அதுக்கு மணல் அடிக்கிற சாண்ட் பிளாஸ்டிங் கடைதான் சரி, அங்க அளவு குடுக்கும்போது மரச்சட்டத்துக்குள்ள மறையிற ஓரத்தைக் கழிச்சுட்டு டிசைன் அளவைச் சொல்லுங்க.